வியாழனிலும் சனியிலும் காணி

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு. மேசைக்குப் பின்னால் நடுக் கதிரையில் வாசிகசாலைத் தலைவர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து இளைப்பாறிய அப்போதிக்கரி றெஜினோல்ட். அவருக்கு வலப்புறம் பேச்சாளர் வில்பிரட் மாஸ்டர். கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க அந்த வருடம்தான் கல்முனைக்கு வந்தவர். மேசையின் இடப்பக்க மூலையில் செயலாளராகிய நான், சில்வெஸ்டர். முன் வாங்கில் மருதமுனை நெசவுக்காரர் முத்தலிப்பும் அவருடைய கூட்டாளிகளும். யன்னலோர வாங்கில், முழுதாக உட்காராமல் நுனியில் தொற்றிக்கொண்டு, மாவடிப்பள்ளி வட்டையில் வயல் செய்யும் கலந்தர். பின் அறைக் கதவில் சீலை கட்டி, அதற்கு அப்பால் பெண்கள் ஏழெட்டுப் பேர். கலந்தரின் மனைவி சபூறா அவர்களுக்குள் இருந்தார்.

மற்றவர்களை நான் எழுதிவைக்க முடியவில்லை. வழக்கமாக நம்முடைய கூட்டங்களுக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அன்று வாசற்படி, மதில், வெளியே அவிழ்த்துவிட்டிருந்த மாட்டுவண்டில் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. அஸர் தொழுதுவிட்டு நேரே வந்தவர்கள், வயல் சேறு காயாத காலோடு வந்தவர்கள். விஞ்ஞானப் பேச்சுக்கு இவ்வளவு சனமா என்று எனக்கு அப்போதே ஐமிச்சம் தட்டியது.

அது ஐம்பத்தேழாம் வருடக் கார்த்திகை. றஷ்யாக்காரர் வானத்தில் விட்ட செயற்கைச் சந்திரனைப் பற்றித்தான் கடைத்தெருவில் கதை. சூரியனுக்குத் தூரத்தில் இருக்கும் பெரிய கோள்களில் மனிதர் உயிர்வாழலாமா என்று ஒரு பேச்சு வைப்போமே என்று வில்பிரட் மாஸ்டர்தான் கேட்டார். தலைப்பையும் அவரே சொன்னார். நான் சிவப்பு மையில் எழுதி, சந்தை மதிலிலும் பஸ் நிற்குமிடத்திலும் ஒட்டுவித்தேன்.

"வியாழனிலும் சனியிலும் மனிதர் குடியேறலாமா? விளக்கக் கூட்டம். ஞாயிறு பின்னேரம். அனைவரும் வருக."

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் நம்முடைய பகுதியில் அந்த நாளில் குடியேற்றம் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். மேற்கே அணை கட்டி, காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் நம்மவர்களில் கொஞ்சப் பேருக்கும் வயலும் வீடும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். சந்தை மதிலில் அந்தச் சொல்லைக் கண்டவர்கள் வியாழனையும் சனியையும் கிழமைகளாகவே வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, வாசித்தவர்கள் சொல்லிவிட்டார்கள்: வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் காணி பகிர்கிறார்கள், ஞாயிறு விளக்கம். இது எனக்குக் கூட்டம் பாதிக்கு வரும்வரை தெரியாது.

கலந்தருக்கு அது சும்மா செய்தியல்ல. இருபது வருடமாக ஒரு போடியாரின் வயலில் முல்லைக்காரராக நின்றவர் அவர். விதைப்பு, காவல், வெட்டு எல்லாம் அவருடையது, நிலம் போடியாருடையது. இந்த மாரிப் போகத்தோடு வயல் போடியாரின் மருமகனுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். பயிர் அப்போதுதான் முளைத்து நின்றது. அதை வெட்டிச் சூடடித்த பிறகு கலந்தருக்குக் கால் வைக்க ஒரு வரம்பும் இல்லை.

றெஜினோல்ட் ஐயா கூட்டத்தைத் தொடக்கிவைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். வில்பிரட் மாஸ்டர் கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று கீறி 'வியாழன்' என்று எழுதினார். பக்கத்தில் வளையம் போட்ட இன்னொரு வட்டம், 'சனி'.

"இந்த இரண்டு இடத்திலும் மனிதன் இப்போது இருக்கிறபடியே போய் இருக்க முடியாது" என்று தொடங்கினார். "முதலாவது, மூச்சுவிடக் காற்று இல்லை. உள்ள வாயுவும் நஞ்சு."

கலந்தர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். பயங்காட்டி அனுப்பத்தான் பார்ப்பார்கள், நான் சொன்னேன்தானே என்று சொல்லும் பார்வை அது.

"இரண்டாவது, குளிர். தண்ணீர் இருந்தாலும் கல்லாக இறுகித்தான் கிடக்கும்."

"தண்ணியும் இல்லையாம்" என்று வாசற்படியில் நின்றவர் மதிலில் இருந்தவருக்குச் சொன்னார்.

"மூன்றாவது, நமக்குத் தெரிவது நிலமல்ல, மேகம். காலை ஊன்றி நிற்க நிலம் உண்டா என்பதே சந்தேகம்."

கலந்தர் எழும்பிவிட்டார். "காணியே இல்லையா மாஸ்டர்? அதுக்குள்ள பகுந்து முடிஞ்சிட்டா?"

முன் வாங்கு சிரித்தது. வில்பிரட் மாஸ்டரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "ஒருவரும் பகிரவில்லை காக்கா" என்றார், அண்ணனுக்கு இந்த ஊர் சொல்லும் சொல்லால். "இன்னும் ஒருவருமே அங்கே போகவில்லை."

"அப்ப முதலாளா எண்ட பேர எழுதுங்க. கலந்தர், சாய்ந்தமருது."

மாஸ்டர் அதையும் பகிடியாகவே எடுத்தார். சோக்கால் பலகையின் ஓரத்தில் 'கலந்தர்' என்று எழுதிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் அந்த நேரம் அவருடைய கையைப் பிடித்திருக்க வேண்டும். வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரேயடியாக உள்ளே நெருங்கினார்கள். "என்னையும் போடுங்க!" "நான் அவருக்கு முன்னுக்கே வந்த!" "நற்பிட்டிமுனை ஆக்களுக்கு இல்லையா?"

"கலந்தர் காக்கா" என்று முத்தலிப் முன் வாங்கிலிருந்து திரும்பிக் கேட்டார், "நீங்க போறது வியாழனுக்கா சனிக்கா? சனி ஒங்களோட இஞ்சயே இரிக்கி. அதத் தேடிப் போகத் தேவல்ல."

"நீ ஒண்ட தறியக் கட்டிப் புடிச்சிட்டு இரி. ஒனக்கென்னத்துக்குக் காணி?" என்றார் கலந்தர். பிறகு மாஸ்டரிடம்: "அங்க வருசத்துக்கு எத்தின போகம் செய்யலாம்?"

மாஸ்டர் கேட்ட கேள்விக்கு உண்மை சொல்லும் மனிதர். "வியாழனுடைய ஒரு வருடம் நம்முடைய பன்னிரண்டு வருடத்துக்குக் கிட்ட. சனியுடையது முப்பதுக்குக் கிட்ட."

வாசற்படியில் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள்.

"விதைச்சவன் வெட்டுக்கு இரிக்க மாட்டான்" என்றது ஒரு குரல்.

"பாத்தீங்களா?" என்று கலந்தர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இப்பிடிச் சொன்னா எவன் போவான்?"

சனம் மனம் சோர்ந்துவிட்டது என்று மாஸ்டர் நினைத்திருக்க வேண்டும். தேறுதல் சொல்லப் போனார். "ஆனால் ஒன்று. சனியைச் சுற்றும் நிலாக்களில் ஒன்றில் மட்டும் காற்று மண்டலம் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதுவும் மூச்சுவிடக் கூடிய காற்றல்ல. என்றாலும் பிற்காலத்தில் இறுக்கமாக மூடிய வீடுகள் கட்டி, காற்றையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுபோனால், அங்கே மனிதர் ஒருவேளை இருக்கலாம்."

"வீடு ஆரு கட்டுற?" கலந்தரின் குரல் தணிந்திருந்தது. தணிந்த குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அது தனி ஆளால் ஆகிற காரியமா? ஏதாவது ஓர் அரசாங்கம்தான் கட்ட வேண்டும்."

"தண்ணி?"

"அதையும் அரசாங்கம்தான்."

"முதல்ல ஆரு போவாங்க?"

"நம்மவர்கள் இல்லை. வெளியிலிருந்துதான் யாராவது."

கலந்தர் தலையை மெதுவாக ஆட்டினார். "இப்பதான் உண்ம வருது. சரி மாஸ்டர், வியாழக்கிழம எத்தின மணிக்கு வரணும்? அதச் சொல்லுங்க, நாங்க போறம்."

வில்பிரட் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மதிலில் ஒட்டிய விளம்பரத்தை மனதுக்குள் ஒருமுறை வாசித்தேன். அப்போதுதான் எல்லாம் வெளித்தது. முத்தலிப்புக்கும் அதே நேரம் வெளித்திருக்க வேண்டும். வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். நெசவுக்காரர் வாங்கு முழுக்கக் குலுங்கியது.

மாஸ்டர் அவசரமாக விளங்கப்படுத்தினார். இவை கிழமைகள் அல்ல, வானத்தில் உள்ள கோள்கள்; இரவில் வெள்ளிகளை, அதாவது நட்சத்திரங்களை, போலத் தெரிபவை; நமது நிலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லிக்கொண்டே சூரியனிலிருந்து வரிசையாகக் கீறிக் காட்டுவதற்காகப் பலகையை அழித்தார். ஓரத்தில் இருந்த பெயரும் அதோடு போயிற்று.

"பேர அழிக்கிறாங்க!"

அந்தச் சத்தத்தில் றெஜினோல்ட் ஐயா விழித்து, "நன்றியுரை" என்றார்.

கலந்தர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. "மாஸ்டர், எட்டொம்பது வருசத்துக்கு முன்னயும் இப்பிடி ஒரு கந்தோர்த் துர வந்த. இதே மாதிரித்தான், நோட்டீஸ் ஒட்டி, மேச போட்டு. காட்டுக்க யான எண்டார். மலேரியா எண்டார். போனா ஒரு மாரிக்குத் தாங்க மாட்டீங்க எண்டார். நாங்க வீட்டுல இரிந்திட்டம். இப்ப அங்க போய்ப் பாருங்க. வாய்க்கால் நெறயத் தண்ணி, ஓட்டு வீடு. யான ஆரையும் தின்னல்ல. இப்ப நீங்க வந்து காத்து இல்ல, தண்ணி இல்ல, குளிர் எண்டுறீங்க. யானக்கும் மலேரியாக்கும் நாங்க பயப்பட மாட்டம் எண்டு தெரிஞ்சித்து. அதான் இப்ப புதுசா ஒண்டு."

"காக்கா, அது வானத்தில்..."

"வானத்துல காணிக்கு என்னத்துக்கு விளக்கக் கூட்டம்?"

வில்பிரட் மாஸ்டர் சோக்கை மேசையில் வைத்தார். கூட்டம் நன்றியுரை இல்லாமலே கலைந்தது.

மறுநாள் காலை கலந்தர் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார். ஊரில் மனு, விண்ணப்பம் எழுதுபவன் நான். கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதும் லிகிதர் வேலை. உள்ளே வரச் சொன்னேன். முன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வில்பிரட் மாஸ்டர் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்.

"அவர் இரிக்காரா?"

"பள்ளிக்கூடம் போய்விட்டார்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கோயில்தானே?"

"இல்லைக் காக்கா. அவர் மெதடிஸ்ற். நான் கத்தோலிக்கம்."

"எல்லாம் மணி அடிக்கிற கோயில்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கதிரையைத் தள்ளி, கதவு தெரிகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, காணிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதணும். வியாழனிலயும் சனியிலயும் பகுற காணிக்கு நான் சம்மதம். குளிரெண்டாலும் சரி."

நான் பேனையை எடுக்காமல் கேட்டேன். "காக்கா, மேற்கே குடியேற்றத்தில் காணி கேட்டு நீங்கள் எப்போதாவது விண்ணப்பம் போட்டதுண்டா?"

"இல்ல."

"ஒருதரமும் இல்லையா?"

"அதான் சொன்னனே. யான எண்டாங்க."

பயந்தது யானைக்கு அல்ல என்று எனக்குப் பட்டது. கேட்டு, இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம். அதை அவரிடம் சொல்லவில்லை. முல்லைக்காரர்கள், சொந்த நிலம் இல்லாதவர்கள் இப்போதும் விண்ணப்பிக்கலாம், காணி கேட்டவர்களை விசாரிக்கக் காணிக் கச்சேரி வைக்கும்போது அழைப்பார்கள் என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதையும் எழுதுங்க" என்றார். "ஆனா வியாழனும் சனியும் கட்டாயம் இரிக்கணும். நீங்க மத்தக் காணியப் பத்திக் கதச்சி எண்ட கவனத்தத் திருப்பப் பாக்கிறீங்க."

"அந்த இரண்டும் வெள்ளிகள் காக்கா."

"வெள்ளிக்கிழமயும் இரிக்கா?" என்றார்.

அவர் சொன்னது பகிடியா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நாளைக்குக் காலை எழுதி வைக்கிறேன், வந்து ஒப்பம் வையுங்கள் என்று அனுப்பினேன். படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "நான் வாசிக்க மாட்டன் எண்டு நெனச்சி ஒண்டயும் உட்டுப்போடாதீங்க. எனக்கு வாசிக்க ஆள் இரிக்கி."

பின்னேரம் வில்பிரட் மாஸ்டர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்திய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் தன்னைப் பரிகாசம் பண்ண ஒழுங்குபண்ணி வந்ததோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். கலந்தரைப் பற்றி நான் சொன்னதைக் கேட்ட பிறகு அது போயிற்று; வேறொரு கவலை பிடித்துக்கொண்டது.

"எழுதிவிடுங்களேன் சில்வெஸ்டர்" என்றார். "ஒரு வரிதானே. மனிதனுக்கு மனம் ஆறும்."

"கந்தோரில் அந்த வரியை ஒரு லிகிதர் வாசிப்பார். அடுத்த மேசைக்காரருக்குக் காட்டுவார். மூன்றாவது மேசையில் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். கலந்தருடைய இருபது வருட முல்லைக்காரத்தனமும் அதோடு போகும்."

"எழுதாவிட்டால்?"

"எழுதாவிட்டால் அவர் ஒப்பம் வைக்க மாட்டார். ஒப்பம் இல்லாமல் கடிதமும் போகாது."

மாஸ்டர் "என் பேச்சுக்கு நான் இந்தத் தலைப்பை வைத்திருக்கக் கூடாது" என்றார். பிறகு, "யாராவது எப்போதாவது அங்கே போனால், கலந்தர் காக்காவைப் போல ஆள்தான் போக வேண்டும். நான் சொன்ன ஒன்றுக்கும் பயப்படவில்லையே" என்றும் சொன்னார். நான் எழுத உட்கார்ந்தேன்.

கனம் ஐயா என்று தொடங்கி, பெயர், ஊர், குடும்பம், எந்த வட்டையில் எத்தனை வருடம் முல்லைக்காரராக வேலை, எந்தப் போகத்தோடு வயல் கைவிட்டுப் போகிறது, மண்வேலையிலும் நீர் கட்டுவதிலும் உள்ள பழக்கம் எல்லாவற்றையும் ஒழுங்குபடி எழுதினேன். குடியேற்றத்தில் எந்த இடமாயினும் சம்மதம் என்று முடித்தேன். வியாழனும் சனியும் எழுதவில்லை. கடைசி வரிக்கும் ஒப்பத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடம் விட்டேன். அவர் வற்புறுத்தினால் அதில் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் கலந்தர் மனைவி சபூறாவோடு வந்தார். கலந்தர் சொன்ன, வாசிக்கும் ஆள் சபூறாதான். மருதமுனையில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர், அந்த வளவில் வரும் கடிதமெல்லாம் அவரே வாசிப்பார் என்று கலந்தர் பெருமையாகச் சொன்னார். சபூறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவருகில் நின்றபடியே கடிதத்தை வாங்கினார். வில்பிரட் மாஸ்டர் முன் அறையில் சேர்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டு காது கொடுத்திருந்தார்.

"ஒரு எழுத்தும் உடாம வாசி" என்றார் கலந்தர். "இவங்க படிச்ச ஆக்கள்."

"நான் மட்டும் படிக்காத ஆளா? சத்தம் போடாம இரிங்க."

நன்றாக வாசித்தார். 'மேற்குறிப்பிட்ட' என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை தடக்கினார். கலந்தர் தன்னுடைய இருபது வருடம் வந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வயல் கைவிட்டுப் போகும் வரி வந்ததும், "அதயும் எழுதினாரா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறார் என்றார் சபூறா. கடைசி வரி முடிந்தது. நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சபூறா நிறுத்தவில்லை. கடிதத்தின் கீழே இருந்த வெற்று இடத்தில் கண்ணைப் பதித்து, அதே குரலில் தொடர்ந்தார்.

"மேலும், வியாழனிலும் சனியிலும் காணி தருவதாயின், குளிரானாலும் அங்கும் சென்று குடியிருக்கச் சம்மதம்."

முன் அறையில் மாஸ்டரின் கை பொத்தானில் நின்றுவிட்டது. சபூறா என்னைப் பார்க்கவில்லை.

கலந்தர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "அந்த வரிய மறுகா வாசி."

"மேலும், வியாழனிலும் சனியிலும் காணி வழங்குவதாயின், குளிரானாலும் அங்கும் சென்று..."

"முதல்ல 'தருவதாயின்' எண்டியே."

சபூறா கடிதத்தைக் கீழே இறக்கினார்.

"தாறதெண்டாலும் வழங்குறதெண்டாலும் ஒண்டுதான். எழுத்துல ஒண்டு இரிக்கும், வாயில ஒண்டு வரும். அந்தக் கூட்டத்துல நானும் சீலக்குப் பின்னால இரிந்த ஆள்தான், எல்லாம் கேட்ட. ஒங்களுக்கு எண்ட வாசிப்புல நம்பிக்க இல்லாட்டி, இந்தா, முத்தலிப்புக்கிட்டக் கொண்டு போங்க. அவர் வாசிச்சிச் சிரிக்கட்டும்."

முத்தலிப்பின் பெயரைக் கேட்டதும் கலந்தர் கையை நீட்டினார். "பேனையத் தாங்க தம்பி." அவருக்குத் தன் பெயர் மட்டும் எழுதத் தெரியும். ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி எழுதினார். நான் இடம் விட்டிருந்தேனே, அதற்குள்ளேயே, கடைசி வரியை உரசிக்கொண்டு. இனி அங்கே எதுவும் எழுத இடமில்லை.

உறையில் விலாசத்தை எழுதினேன். கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்தேன். கலந்தர் மேசைக்குக் கிட்ட வந்து, கடிதம் மாறுகிறதா என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சபூறா கதவடியிலிருந்து சொன்னார்:

"பசைய நல்லாப் பூசுங்க ஐயா. இடையில ஆரும் துறந்து வாசிக்கப்படாது."

நான் இரண்டு தரம் பூசி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். முத்திரையைக் கலந்தரே நாக்கில் நனைத்து ஒட்டினார். பெட்டியில் போட அவர் சம்மதிக்கவில்லை. தபாற் கந்தோருக்கு மூவரும் போனோம். தபால் அதிபர் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. கலந்தர் யன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து, உறை பைக்குள் விழுகிறதைப் பார்த்தார். பையின் வாய் கட்டி அரக்கு வைத்த பிறகும் போகவில்லை. மட்டக்களப்பு பஸ் வந்து, பை அதில் ஏறி, பஸ் சந்தை மதிலைத் தாண்டும்வரை நடுத்தெருவிலேயே நின்றார்.